வீரர்களிடம் கேட்டு லீக்கைத் திருத்துவது எப்படி: திருகோணமலையின் எழுவர் உதைபந்தாட்ட லீக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குப் போய்க்கொண்டே சனி, ஞாயிறு மாலைகளில் பந்து உதைக்க வருபவர்களுக்காக ஒரு லீக்கை நடத்துகிறீர்கள். சிலர் முறைப்பாடு சொல்கிறார்கள், சிலர் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்டு, அதைக்கொண்டு லீக்கைத் திருத்தும் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

கணக்குக்காக எட்டு அணிகள், அணிக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 96 பேர். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒருமுறை ஆடினால் 28 ஆட்டங்கள். வாரக் கடைசியில் நான்கு ஆட்டம், அதாவது ஒரு சுற்று, என்றால் ஏழு வாரத்தில் முடியும். உங்களுடையது மென்பந்து கிரிக்கெட்டாகவோ கரப்பந்தாகவோ இருந்தாலும் படிகளின் ஒழுங்கு இதுதான். ஒழுங்கைப் புரட்டிப் போட்டவர்களே அதிகம் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டு முதலில் கேள்வியை அனுப்பிவிடுவார்கள். பதில் வந்து குவிந்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள்.

1. கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, 96 பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். அணித்தலைவர்களின் எட்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். தலைவர் வழியாகக் கேட்டால் தலைவரின் கருத்துத்தான் வரும். அவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் முழு நேரமும் ஆடுபவர். மேலதிக வீரராகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனின் மாலை அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, ஒழுங்காக நிரப்பிய ஆட்டத்தாள். தொடங்கிய நேரம், வந்தவர்கள், யார் எத்தனையாவது நிமிடத்தில் உள்ளே போனார், வெளியே வந்தார் என்பவை அதில் இருக்க வேண்டும். பிறகு ஒருவர் "எப்பவும் பிந்தித்தான் தொடங்குது" என்று சொன்னால், அது உண்மையா, எவ்வளவு உண்மை என்று பார்க்க இதைவிட வேறு வழியில்லை.

மூன்றாவது, ஒரு சீ.ஆர். கொப்பி. போனில் கிடக்கும் பதில்களை நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க முடியாது.

நான்காவது, ஏற்பாட்டுக் குழு கூடும் திகதி. கேள்வி அனுப்புவதற்கு முன்பே அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். "பதில் வரட்டும், பிறகு கூடலாம்" என்று விட்ட குழுக்கள் பெரும்பாலும் கூடுவதேயில்லை.

2. எதை மாற்ற முடியும் என்று முதலில் பிரித்து வையுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று பத்திகள் போடுங்கள். நாமே மாற்றக்கூடியவை, மற்றவர்களிடம் கேட்டுப்பார்க்கக்கூடியவை, மாற்ற முடியாதவை.

ஆட்ட நேரம், இடைவேளை, தண்ணீர், வீரர் மாற்று விதி, அட்டவணை, சந்தாவைக் கட்டும் முறை எல்லாம் முதல் பத்தி. புல் வெட்டுவது, மின்விளக்கு, கழிப்பறைத் திறப்பு போன்றவை மைதானப் பொறுப்பாளர்கள் கையில் இருப்பதால் இரண்டாம் பத்தி. வெயிலும் மழையும் மூன்றாவது. கார்த்திகை, மார்கழி வாடைமழையில் மைதானம் குளமாக நிற்பதை எந்தக் குழுவும் மாற்ற முடியாது. லீக்கைப் பெப்ரவரிக்குத் தள்ளுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதனால் 'மழை' மூன்றாம் பத்திக்கும் 'எந்த மாதத்தில் ஆடுவது' முதலாம் பத்திக்கும் போகும்.

இந்தப் பிரிப்பை ஏன் முதலில் செய்ய வேண்டும்? மாற்ற முடியாததைப் பற்றிக் கேள்வி கேட்டால் ஆசை கிளம்பும், பிறகு ஏமாற்றம் வரும். "மைதானம் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு ஒரு லோட் மண்கூடக் கொட்ட முடியாமல் போனால், அடுத்த தடவை நீங்கள் எதைக் கேட்டாலும் பதில் வராது.

3. கேட்பவர் யார் என்பதைத் தீர்மானியுங்கள்

நடுவர் கேட்கக் கூடாது, சந்தா வாங்குபவர் கேட்கக் கூடாது, எந்த அணியின் தலைவரும் கேட்கக் கூடாது. நடுவரிடம் நடுவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சந்தா பாக்கி உள்ளவர் காசாளரின் அழைப்பையே எடுக்க மாட்டார்.

முழங்கால் காயத்தால் ஆடுவதை விட்டவர், வயது போனாலும் ஆட்டம் பார்க்கத் தவறாமல் வருபவர், இப்படி ஒருவரைப் பிடியுங்கள். எல்லோரும் 'அண்ணா' என்றோ 'நானா' என்றோ கூப்பிட்டுப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர் அணிகளில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியன்கள் கலந்திருப்பார்கள். ஒருவரால் எல்லோரோடும் மனம்விட்டுப் பேச முடியாது என்று தோன்றினால் இருவரைப் போடுங்கள்.

4. எப்போது கேட்பது

ஏழு வார லீக்கில் மூன்று தடவை போதும். இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி, நான்காம் சுற்று முடிந்ததும் ஐந்து கேள்விகள், கடைசி ஆட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் மீண்டும் ஐந்து.

இரண்டாம் சுற்றின் கேள்வி, "இந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு விளங்காமல் போனது ஏதாவது உண்டா?" என்பது. இவ்வளவு சீக்கிரம் கேட்பதற்குக் காரணம், விளங்காமை முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும், அப்போதே தீர்த்தும்விடலாம்.

ஆட்டம் முடிந்த கையோடு மைதானத்தில் வைத்துக் கேட்காதீர்கள். தோற்றவர் கோபத்தில் இருப்பார், வென்றவருக்கு எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஞாயிறு ஆட்டம் என்றால் செவ்வாய் இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்புங்கள். சூடு ஆறியிருக்கும், நினைவு இருக்கும்.

கலண்டரையும் பார்க்க வேண்டும். பங்குனித் திருவிழா நாட்களில் போனைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நோன்புக் காலம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும் என்பதால், போன வருட அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் ஆட்டம் முடிய வேண்டும் என்று ஒரு வீரர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. அட்டவணை போடும்போதே அதைப் பார்த்துவிடுங்கள்.

5. கேள்விகளை எழுதுதல்

அதிகம் நேரம் செலவிட வேண்டிய படி இது. புதியவர்கள் இருபது கேள்வி எழுதுவார்கள். ஓட்டோ ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்காரும் ஒருவர் இருபது கேள்விக்குப் பதில் எழுத மாட்டார். ஐந்துக்கு மேல் வேண்டாம்.

அபிப்பிராயத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேளுங்கள். "நடுவர் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றோ "சரியில்லை" என்றோ வரும். இரண்டையும் வைத்து எதுவும் செய்ய முடியாது. "கடைசி இரண்டு ஆட்டத்தில் நடுவரின் எந்த முடிவு உங்களுக்கு விளங்கவில்லை?" என்று கேட்டால் ஆட்டமும் நிமிடமும் சம்பவமும் வரும்.

நான்காம் சுற்றுக்கு நான் வைக்கும் ஐந்து கேள்விகள் இவை:

கடைசி ஆட்டத்தில் ஏறக்குறைய எத்தனை நிமிடம் ஆடினீர்கள்? அது உங்களுக்குப் போதுமாக இருந்ததா?

வர முடியாமல் போன ஆட்டம் உண்டா? ஏன் வரவில்லை?

நடுவரின் எந்த முடிவு அல்லது எந்த விதி உங்களுக்கு விளங்கவில்லை?

மைதானத்தில் எப்போதாவது உடம்புக்கு ஆபத்து என்று நினைத்தீர்களா? எங்கே, எப்போது?

ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

கடைசிக் கேள்வியில் 'ஒரே ஒரு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பத்துக் குறை சொல்பவரையும் அது ஒன்றைத் தெரிவு செய்ய வைக்கும். அவர் தெரிவு செய்யும் அந்த ஒன்றுதான் உங்களுக்குத் தேவை.

வயது, அணி, ஆடும் இடம் மூன்றையும் சேர்த்துக் கேட்காதீர்கள். அணிக்கு ஒரு கோல்காப்பாளர்தான் இருப்பார். அணியையும் இடத்தையும் எழுதிய நிமிடமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிறகு "பெயர் வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதில் அர்த்தமில்லை. அணியின் பெயர் மட்டும் போதும்.

6. பதில்களைச் சேர்த்தல்

மூன்று வாசல் திறந்து வையுங்கள். ஒன்று கூகுள் படிவம். இரண்டாவது, கேட்பவரின் வட்ஸ்அப்புக்குத் தனியாக அனுப்பும் குரல்பதிவு. மூன்றாவது, மைதானத்தில் வைக்கும் தாளும் பெட்டியும். படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். தட்டச்சு செய்யச் சோம்பல்படும் பெடியன் ஒரு நிமிடக் குரல்பதிவில் படிவத்தைவிட நான்கு மடங்கு சொல்லிவிடுவான்.

லீக்கின் வட்ஸ்அப் குழுவில் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அங்கே முதலில் எழுதுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். மற்றவர்கள் பெருவிரலைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு தலைவர்கள் அங்கேயே மோதிக்கொண்டால் அடுத்த ஆட்டம் வரை அந்தப் பகை நிற்கும். குழுவில் இணைப்பை மட்டும் போடுங்கள்.

எத்தனை பதில் வந்தது என்று எண்ணுவதோடு, எட்டு அணியிலிருந்தும் வந்ததா என்று பாருங்கள். அணிக்கு நான்கு பேராவது வேண்டும், அதில் இருவராவது மேலதிக வீரர்களாக இருப்பது நல்லது. ஓர் அணி முழுக்க மௌனமாக இருந்தால் அந்த அணியைச் சேர்ந்த இரண்டு பேரை நேரில் பிடித்து, ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். கடைசி இடத்தில் இருக்கும் அணிதான் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். அடுத்த வருடம் வராமல் போகப்போவதும் அவர்கள்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிதடி, கடுமையான காயம், இனத்தையோ மதத்தையோ இழுத்துப் பேசிய வார்த்தை இவையெல்லாம் கருத்துப் படிவத்துக்குரியவை அல்ல. அன்றைக்கே ஒழுங்குக் குழுவிடம் போக வேண்டும். "படிவத்தில் எழுதுங்கள், பார்ப்போம்" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் மட்டுமல்ல, அவரோடு வந்த ஐந்து பேரும் போய்விடுவார்கள்.

7. பிரித்துப் படித்தல்

கொப்பியில் ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே விஷயம், கீழே எந்தெந்த அணியிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஆட்களை எண்ணாமல் அணிகளை எண்ணுங்கள். ஓர் அணியின் பன்னிரண்டு பேரும் பேசி வைத்து ஒரே பதிலை அனுப்பலாம். ஆனால் ஐந்து அணிகளிலிருந்து தனித்தனியாக ஒரே விஷயம் வந்தால் அது உண்மையில் லீக்கின் குறை.

அடுத்ததாக, சொன்ன குறைக்கும் அதன் வேருக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வீரர் வலிக்கும் இடத்தைச் சரியாகக் காட்டுவார். மருந்தையும் அவரே சொல்லும்போது அது பெரும்பாலும் பிழையாகிவிடும்.

ஒரு முறை நான்கு அணிகளிலிருந்து "நடுவர் சரியில்லை, மாத்துங்கோ" என்று வந்தது. குழுவில் இருந்த ஒருவர் அப்போதே வேறு நடுவரைத் தேடப் புறப்பட்டுவிட்டார். அவரை மறித்து, எழுதியவர்களில் ஆறு பேரிடம் எந்த ஆட்டம், எந்தச் சம்பவம் என்று விசாரித்தோம். நான்கு பேர் சொன்னது ஓஃப்சைட் பற்றி, அதாவது எதிரணித் தடுப்பு வீரர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி பற்றி. எழுவர் ஆட்டத்தில் நாங்கள் ஓஃப்சைட் வைப்பதில்லை. அது எங்கள் விதித்தாளில் இருந்தது. அந்தத் தாள் போயிருந்தது தலைவர்களுக்கு மட்டும். பதினொருவர் ஆட்டம் ஆடிப் பழகியவர்கள், எதிரணி முன்கள வீரன் கோலுக்குப் பக்கத்தில் நின்று பந்து வாங்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நடுவர் விசில் ஊதவில்லை. அவர் விதிப்படிதான் நடந்திருக்கிறார்.

நாணயம் சுண்டும்போது நடுவர் நான்கு விதிகளைச் சத்தமாக வாசிப்பது என்று முடிவெடுத்தோம். ஓஃப்சைட் இல்லை, பக்கக்கோட்டில் காலால் உதைத்துத் தொடங்குவது, கோல்காப்பாளர் பந்தைக் கையாளும் எல்லை, வீரர் மாற்று. வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்த நடுவரைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இன்னொரு உதாரணம், "ரெண்டாவது மேட்ச் இருட்டில நடக்குது, லைட் போடுங்கோ" என்பது. விளக்கு நம் கையில் இல்லை. ஆட்டத்தாளை எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 25 நிமிடமாக இரண்டு பாதி, பத்து நிமிட இடைவேளை என்றால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம். நான்கு மணிக்குத் தொடங்கினால் ஐந்துக்கு முடியும். அடுத்தது 5.10க்குத் தொடங்கி 6.10க்கு முடியும். பெப்ரவரியில் திருகோணமலையில் ஆறே காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். ஆக, முதல் ஆட்டம் இருபது நிமிடம் பிந்தினால் இரண்டாம் ஆட்டத்தின் கடைசிக் கால்மணி இருட்டில்தான் ஓடும். முறைப்பாடு இரண்டாம் ஆட்டக்காரரிடமிருந்து வருகிறது, காரணம் முதலாம் ஆட்டக்காரரிடம் இருக்கிறது. அதனால் விளக்கைத் தேடுவதைவிட, முதல் ஆட்டத்தை நேரத்துக்குத் தொடங்குவதே மருந்து. பத்து நிமிடத்துக்குள் ஐந்து பேராவது வராத அணியின் ஆட்டத்தில் ஒரு பாதி குறையும் என்று விதி வைக்கலாம்.

8. முடிவெடுத்தல்

ஒரு தடவைக்கு இரண்டு மாற்றம், அதற்கு மேல் வேண்டாம். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

லீக் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றக்கூடியதையும் கூடாததையும் பிரியுங்கள். தண்ணீர் இடைவேளை, தொடங்கும் நேரம், விதி வாசிப்பு ஆகியவற்றை உடனே மாற்றலாம். புள்ளி வழங்கும் முறை, புதிய வீரரைப் பதிவது, அரையிறுதித் தகுதி ஆகியவற்றை, எட்டுத் தலைவரும் ஒத்துக்கொண்டாலும், நடுவில் தொடாதீர்கள். ஏற்கெனவே ஆடிய ஆட்டங்கள் வேறு விதியின் கீழ் நடந்தவை. நடுவில் மாற்றினால் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடந்தே தீரும்.

விதியை மாற்ற நினைத்தால் முதலில் சர்வதேச ஆட்டச் சட்டங்களைப் பாருங்கள். நீங்கள் தேடுவது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 7ஆம் சட்டம் ஒரு நிமிடத்துக்கு மேற்படாத தண்ணீர் இடைவேளையையும், ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரையான குளிர்விப்பு இடைவேளையையும் அனுமதிக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாலு மணி ஆட்டத்துக்கு இந்த இரண்டாவது வகை கட்டாயம் வேண்டும் என்பேன். 3ஆம் சட்டம், வெளியே போன வீரர் திரும்ப உள்ளே வருவதை அடிமட்ட ஆட்டங்களிலும் மூத்தோர் ஆட்டங்களிலும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதற்குத் தேசிய சம்மேளனத்தின் ஒப்புதல் வேண்டும்.

9. திருப்பிச் சொல்லுதல்

கேள்வி அனுப்பிய நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் பதில் போக வேண்டும். இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாப் படியும் வீண். கேட்டதற்கு என்ன நடந்தது என்று தெரியாதவன் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டான்.

செய்தியில் மூன்று பகுதி இருக்கட்டும். சொன்னீர்கள், செய்கிறோம், செய்ய முடியவில்லை. மாதிரிக்கு:

"சகோதரர்களுக்கு வணக்கம். ஐந்து அணிகள் வெயில் பற்றிச் சொன்னீர்கள். இந்தச் சனியிலிருந்து ஒவ்வொரு பாதியிலும் பன்னிரண்டாம் நிமிடத்தில் இரண்டு நிமிட இடைவேளை. மூன்று அணிகள் விதிகள் விளங்கவில்லை என்றீர்கள். நாணயம் சுண்டும்போது வாசிப்போம். விளக்கு கேட்டீர்கள். அதற்கான செலவை இந்தச் சந்தாவில் தாங்க முடியாது. பதிலாக முதல் ஆட்டத்தைச் சரியாக நான்கு மணிக்குத் தொடங்குவோம்."

மூன்றாம் பகுதியை மறைக்க ஆசை வரும். மறைக்காதீர்கள். காரணத்தோடு சொல்லும் 'முடியாது' பெரும்பாலும் மரியாதையாகவே ஏற்கப்படுகிறது. யார் சொன்னது என்று ஊகிக்க இடம் தரும் எந்த வார்த்தையும் செய்தியில் இருக்கக் கூடாது. இதையே மைதானத்திலும் ஆட்டத்துக்கு முன் ஒருமுறை வாயால் சொல்லுங்கள். வட்ஸ்அப் செய்தியை எல்லோரும் படிப்பதில்லை.

10. மாற்றம் வேலை செய்ததா என்று பார்த்தல்

இரண்டு சுற்று விடுங்கள். பிறகு ஆட்டத்தாளை எடுத்து முன்னையதோடு ஒப்பிடுங்கள். நேரத்துக்குத் தொடங்கிய ஆட்டங்கள் எத்தனை, ஆள் போதாமல் விட்டுக்கொடுத்த ஆட்டங்கள் எத்தனை, அணிக்குச் சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள், மஞ்சள் அட்டை கூடியதா குறைந்ததா. சரிவரவில்லை என்றால் பழையபடி ஆக்குங்கள், ஆக்கியதையும் சொல்லுங்கள்.

11. விலகியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டல்

எல்லாவற்றிலும் பயன் கூடியது இது. பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான். லீக்கில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால், குறையோடு வாழப் பழகியவர்களின் பதிலே கிடைக்கும். போன வருடம் ஆடி இந்த வருடம் பதியாதவர்களின் பட்டியலை எடுங்கள். பத்துப் பேரை அழையுங்கள். திரும்பி வாருங்கள் என்று கேட்காதீர்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டு, சொல்வதை இடைமறிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தம்பியை அழைத்தபோது முதலில் "வேலை அண்ணா" என்று முடித்துக்கொள்ளப் பார்த்தான். "சரி, வேலை எல்லாருக்கும்தானே, வேற என்ன?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மூண்டு மேட்ச் பின்னேரத்தை விட்டுட்டு வந்தன் அண்ணா. மூண்டிலயும் சேத்துப் பதினைஞ்சு நிமிசம்தான் இறக்கினாங்க. சந்தா மட்டும் எல்லாருக்கும் ஒரே காசு" என்றான். பழைய ஆட்டத்தாளைப் பார்த்தேன். அவன் சொன்னது பதினைந்து, தாளில் இருந்தது பதினான்கு. அடுத்த பருவத்திலிருந்து, வந்த ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பாதியின் பாதியாவது ஆட வேண்டும் என்ற விதி அந்த அழைப்பிலிருந்து வந்தது.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்பவர்களும் இப்படித்தான் தெரிந்தார்கள். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே வெளிநாட்டுக்காரர் நிறைந்திருக்கும் காலம். வாரக் கடைசி மாலையில் லீவு கிடைக்காது. ஆட்டத்தின் மேல் ஆசை குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த நாலைந்து பேருக்கு மாதம்தான் பிழைத்திருந்தது. மூதூர் பக்கமிருந்து வருபவர்கள் கடைசி பஸ்ஸைப் பற்றிச் சொன்னார்கள். அவர்களுக்கு இப்போது எப்போதும் முதல் ஆட்டம்.

அழைப்புகள் முடிந்ததும் வந்த காரணங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடுத்த பருவத்தின் அட்டவணையைப் போடும் கூட்டத்தில் முதலில் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். அட்டவணைத் தாளை அதற்குப் பிறகு எடுங்கள்.